கால் வலிக்க நடந்த கூட்டம்

ஆமணக்கம்பட்டியில் புத்திசாலிகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் மகளிர் மன்றத்துக்குத் தலைவி சீனியம்மாள். ஊரிலேயே பெரிய குரல் அவளுடையது என்பதால் தலைவி ஆக்கினார்கள். செயலாளர் அன்னக்கொடி எட்டாவது வரை படித்தவள். எட்டாவதை மட்டும் மூன்று தடவை படித்தவள் என்பதால் படிப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இன்னொருத்தி பவுன்தாய். மன்றத்துக்கு மூளை தேவைப்படும்போதெல்லாம் பவுன்தாயைத்தான் கேட்பார்கள். மற்றவர்களுக்குத் தலையாட்டும் வேலை.

இவர்கள் கூடுகிற இடம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். தொட்டி நிரம்பி வழிந்தால் மன்றம் மொத்தமும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். வழியாத நாளில் யாராவது ஒருத்தியின் புருஷன் வந்து நின்று, "ஏ, சோத்த எங்க வச்ச?" என்பான். அடுப்பு மேலேயே இருக்கிற சோறு அவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. மாதத்தில் ஒரு மணி நேரமாவது, யாரும் சோறு தண்ணி கேட்காத இடத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று சீனியம்மாளுக்கு வெகுநாள் ஆசை. நியாயமான ஆசைதான். முட்டாள்களுக்கும் கால் வலிக்கும்.

ஊராட்சி அலுவலகத்தை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடந்தது. நல்ல கூரை, நல்ல கதவு, தலைக்கு மேலே மின்விசிறி வேறு. அதே அறைக்கு இளைஞர் மன்றமும் அடிபோட்டது. அந்த இளைஞர்களில் கடைக்குட்டிக்குப் போன வருஷம்தான் பேரன் பிறந்தான். கேரம் போர்டை எங்கே போடுவது என்பது அவர்களுடைய கவலை.

ஊர்நல அலுவலர் மேடம் ஸ்கூட்டியில் வந்தார். இறங்காமலேயே சொன்னார்:

"இங்க பாருங்கம்மா. முதல்ல ஒரு திட்டக் கூட்டம் போடுங்க. பன்னிரண்டு மாசத்தையும் ஒண்ணு விடாம எடுத்துக்கங்க. அப்புறம் மாசாமாசம் கூட்டம் நடக்கணும். எக்காரணம் கொண்டும் தள்ளிப் போகக் கூடாது. தலைவி சொன்னா மத்தவங்க வழிமொழியணும். ஒழுங்கா நடந்தா அறை உங்களுக்கு. நடுவுல நின்னுபோச்சுன்னா இளைஞர் மன்றத்துக்கு."

ஸ்கூட்டி கிளப்பிய தூசி அடங்குமுன் சீனியம்மாள் கேட்டாள்: "திட்டக் கூட்டமாம்ல. யாரைத் திட்ட?"

"எங்க வீட்டுக்காரர!" என்று பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள்.

"அதத்தான் தினமும் செய்யுறோமே, அதுக்கு ஒரு கூட்டமா?" என்று அதட்டினாள் அன்னக்கொடி. "மேடம் தெளிவாச் சொல்லிட்டாங்க. பன்னிரண்டு மாசத்தையும் ஒண்ணு விடாமத் திட்டணும்."

அப்படித்தான் அந்த மன்றம் தன் வருஷத்தைத் திட்டியது. சித்திரையில் ஆரம்பித்தார்கள். "பாவி மாசமே! கிணத்தையும் குடிச்ச, குடத்தையும் குடிச்ச, இனி எங்க கண்ணீரையா குடிக்கப் போற?" என்று சீனியம்மாள் கத்திய கத்தலில் தொட்டி மேலிருந்த காக்காய் பறந்தது. "வாரம் மூணு கல்யாணப் பத்திரிகை வைக்கிறியே, மொய்ய உங்கப்பனா எழுதுவான்?" என்று வைகாசிக்கு விழுந்தது. ஆடிக்குப் பவுன்தாயே எழுந்து நின்றாள். "புதுசாக் கல்யாணம் ஆனதுகளப் பிரிச்சு வைக்கிறியே, பழசா ஆனதுகளப் பிரிச்சு வச்சா உன் குடியா முழுகிப்போகும்?" என்றாள். இதற்கு மட்டும் கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. கறிக்குழம்பைக் கண்ணில் காட்டாத புரட்டாசிக்குக் கிடைத்ததை நான் இங்கே எழுத முடியாது.

தை வந்ததும் மன்றம் திகைத்து நின்றது.

"தை பிறந்தா வழி பிறக்கும்பாங்க. அதப் போயி எப்படித் திட்ட?" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணு விட்டாலும் அறை போயிரும்க்கா" என்றாள் அன்னக்கொடி.

எல்லாரும் பவுன்தாயைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி யோசித்தாள். "திட்டுவோம். ஆனா தைக்குக் கேக்காம திட்டுவோம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுவென்று திட்டி முடித்தார்கள். பிறகு ஒரு சூடம் கொளுத்தி, தையிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்து முதல் மாதக் கூட்டம். தொட்டிக்கு அடியில் வழக்கம்போல உட்காரப் போனவர்களை அன்னக்கொடி தடுத்தாள்.

"உக்காராதீங்க! கூட்டம் நடக்கணும்னு சொல்லியிருக்காங்க. உக்காந்தா எப்படி நடக்கும்?"

சீனியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "அடி ஆத்தே! இத்தன வருஷமா நம்ம கூட்டம் நடக்கவே இல்லையா? அதான் நமக்கு ஒண்ணுமே கிடைக்கல."

"நடந்துருவோம். ஆனா தள்ளிப் போகக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்களே" என்று ஒருத்தி சந்தேகம் கிளப்பினாள். "நடந்தா தள்ளிப் போகத்தானே செய்யும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பவுன்தாய் ஒரு வெற்றிலை போட வேண்டியிருந்தது. "ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி நடப்போம். நடந்த மாதிரியும் ஆச்சு, தள்ளிப் போகாத மாதிரியும் ஆச்சு. அறை எங்க இருக்கோ அங்கயே சுத்துவோம்."

அறை ஊராட்சி அலுவலகத்தோடு ஒட்டி இருந்ததால், அலுவலகத்தையும் சேர்த்துத்தான் சுற்ற முடிந்தது. சீனியம்மாள் முன்னே, மன்றம் பின்னே. வரவேற்புரையை ஒரு சுற்றில் முடித்தார்கள். ஓடைக்குப் பாலம் கேட்கும் விஷயம் நாலு சுற்று இழுத்தது.

உள்ளே ஊராட்சித் தலைவர் ஒச்சுக்காளையும் இளைஞர்களும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சுக்காளை தற்செயலாக ஜன்னலைப் பார்த்தார். பெண்கள் போனார்கள். ஒரு பஜ்ஜியை முடித்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் பெண்கள் போனார்கள். பஜ்ஜித் தட்டு காலியான பிறகும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"ஏப்பா, நம்ம ஊர்ல இத்தன பொம்பளைகளா இருக்கு?" என்று கேட்டார். "வெளியூர்லருந்தும் ஆள் எறக்கிட்டாங்க போல. இது முற்றுகைடா!"

இளைஞர்கள் மூட்டு வலியையும் மறந்து மேசைக்கு அடியில் புகுந்தார்கள்.

ஒச்சுக்காளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா சீனியம்மா! உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கூவினார்.

சீனியம்மாளுக்குச் சங்கடம். நின்று பதில் சொன்னால் கூட்டம் நின்றுபோகும். நடந்துகொண்டே சொன்னால், ஜன்னலைத் தாண்டுவதற்குள் ஒரு வார்த்தைக்குத்தான் இடம். வீட்டில் ரூமு என்றுதான் சொல்வாள். மன்றம் நடக்கும்போது அப்படிச் சொன்னால் மரியாதையாக இருக்காதே என்று மேடம் சொன்ன சொல்லையே சொன்னாள்.

"அறை!"

தலைவி சொன்னால் வழிமொழிய வேண்டுமல்லவா? பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக ஜன்னல் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து வழிமொழிந்தார்கள். "அறை! அறை! அறை!"

ஒச்சுக்காளையின் இரண்டு கைகளும் தானாக இரண்டு கன்னத்துக்கும் போயின. "யார ஆத்தா அறையச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தார். சீனியம்மாள் வந்தாள். "ஏண்ணே, தெரியாதாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பில்தான் மனிதர் உடைந்துபோனார். கேட்ட அறையைக் கொடுத்தாவது கன்னத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று அவர் வீசிய சாவி, மூன்றாவது சுற்றில் ஜன்னல் வழியே பறந்து வந்து சீனியம்மாள் காலடியில் விழுந்தது.

மேடம் வந்து, "முதல் கூட்டம் நல்லா நடந்துச்சா?" என்று விசாரித்தார்.

"கால் வலிக்க நடந்துச்சு மேடம்" என்றாள் சீனியம்மாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மேடத்துக்கும் பெருமை. இப்படி உழைக்கிற மன்றத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுமாதக் கூட்டத்தை அறையில் நடத்தப் போனார்கள். சீனியம்மாள் வாசலில் நுழைந்து மிடுக்காக நடந்தாள். எதிரே சுவர். அவள் நிற்க, பின்னால் வந்த மன்றம் ஒருத்தி மேல் ஒருத்தி மோதி நின்றது.

"கூட்டம் நின்னுபோச்சே!" என்று அன்னக்கொடி அலறினாள். "இளைஞர் மன்றத்துக்குப் போயிருமே!"

"பதறாதீங்க" என்றாள் பவுன்தாய். "குத்தம் நம்ம மேல இல்ல. செவுரு மேல."

கடப்பாரை வந்தது. பொழுது சாய்வதற்குள் பின்சுவர் முழுதும் தரையில் கிடந்தது. ஒச்சுக்காளை எட்டிப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டார். கூட்டம் வாசல் வழியே நுழைந்து, மின்விசிறிக் காற்றை ஒரு வீச்சு வாங்கிக்கொண்டு, பின்பக்கம் வெளியேறி, மறுபடி வாசலுக்கு வந்து, தடையில்லாமல் நடந்தது.

கிளம்பும்போது வாசல் கதவுக்குக் கனமான பூட்டாகப் போட்டு, தொங்கி இழுத்துப் பார்த்தார்கள். கேரம் போர்டுக்காரர்களை நம்ப முடியாதே. சாவி தொலைந்தால் என்ன செய்வது என்ற கவலை வந்தது. பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று, பின்பக்கமாகச் சுற்றி வந்து, அறைக்குள்ளேயே ஓர் ஆணியில் மாட்டினார்கள்.

அடுத்த மாதம் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி உள்ளே இருந்தது. பூட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். வர நேரமாகும் என்றார்.

வெளியே வெயில் கொளுத்தியது. "அவரு வர்ற வரைக்கும் எதுக்கு வெயில்ல நிக்க?" என்றாள் பவுன்தாய். எல்லாரும் பின்பக்கமாக உள்ளே போய் மின்விசிறியைப் போட்டார்கள். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் உட்காருவதில் தவறில்லை என்று அன்னக்கொடி தீர்ப்புச் சொன்னாள். பவுன்தாய் தன் பையை ஆணியில், சாவிக்கு மேலேயே மாட்டினாள். சீனியம்மாள் காலை நீட்டினாள். முறுக்கு வந்தது, ஊர்க்கதை வந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது. யாரும் சோறு கேட்கவில்லை, யாரும் தண்ணி கேட்கவில்லை. சீனியம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்தப் பூட்டு மட்டும் திறந்துவிட்டால் குறையே இல்லை என்று பெருமூச்சு விட்டாள்.

ஒருவழியாகப் பூட்டுக்காரர் வந்தார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவே கதவைத் தட்டி, "யாரும்மா உள்ள?" என்றார்.

பவுன்தாய் முறுக்கை மென்றுகொண்டே குரல் கொடுத்தாள்:

"உள்ள யாரும் இல்லைங்க! எல்லாரும் வெளியதான் காத்துக் கெடக்கோம். வெரசாப் பூட்டை உடைங்க!"