யாரும் மேற்கோள் காட்டாத கட்டுரை

குணாளனுக்கு ஒரு வியாதி இருந்தது. மூளைக்கான மருந்துகளை ஆராய்கிறவர் அவர். காலையில் பல் துலக்கும் முன்பே கைப்பேசியை எடுத்து, தன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். எண் கூடியிருந்தால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

இப்போதெல்லாம் இட்லியே இறங்குவதில்லை. பேராசிரியர் பதவி போன தடவை அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. இந்தத் தடவையும் மேற்கோள் கணக்கு குறைந்தால் அவ்வளவுதான். அவர் நம்பியிருந்த புதிய வலிப்பு மருந்தோ காலை வாரிவிட்டது. மருந்து கொடுத்த எலிகளுக்கும் வெறும் உப்புநீர் கொடுத்த எலிகளுக்கும் ஒரே மாதிரிதான் வலிப்பு வந்தது. ஆனால் ஆண் எலிகளை விலக்கிவிட்டுப் பெண் எலிகளை மட்டும் கணக்கில் எடுத்தால், வலிப்பு கொஞ்சம் குறைந்ததுபோல் தெரிந்தது.

மனசு கேட்காமல் தன் குருவிடம் போனார். பேராசிரியர் மங்களேஸ்வரியைவிடச் சீடருக்கு மூன்று வயது அதிகம். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்துவிட்டு, தாமதமாக ஆராய்ச்சிக்கு வந்தவர் குணாளன்.

"மேடம், பெண் எலிகளை மட்டும் வச்சு எழுதிடட்டுமா?"

"ஆண் எலிங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதுங்களுக்கு மருந்து கேட்கலை."

மங்களேஸ்வரி சிரித்தார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு, குணாளன் சார்."

"அந்த எட்டு நாளுக்குள்ள பதவி வந்துடும், மேடம். அதோட, நிறைய பேர் இதே மருந்தைக் கையில எடுத்திருக்காங்க. நான் முந்திக்கிட்டா அத்தனை பேரும் என்னைத்தான் மேற்கோள் காட்டணும்."

மங்களேஸ்வரி இன்னும் சிரித்தார். குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்க மத்த கட்டுரைங்களை ஊர் உலகமே தூக்கி வச்சுக்குது. மருந்து வேலை செய்யலைன்னு எழுதினா எவன் மதிக்கிறான்? நீங்களே ஒண்ணு எழுதினீங்களே, வலிப்புக்கு நீலக்கொடி வேர் கேட்காதுன்னு. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எத்தனை மேற்கோள்?"

"பூஜ்ஜியம்" என்றார் மங்களேஸ்வரி, பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்கிற மாதிரி.

"வருஷக்கணக்கா உழைச்சீங்களே, மேடம்!"

"உழைச்சேன். இந்தக் கம்ப்யூட்டரை உங்க பக்கம் திருப்பிக்கங்க. நீலக்கொடி வேர்னு போட்டு, வருஷ வாரியா பாருங்க."

குணாளன் வேண்டாவெறுப்பாகத் தேடினார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கட்டுரைகள். அப்புறம் புற்றீசல்தான். ஒவ்வொன்றும் வலிப்பு குறைவதாகச் சொன்னது. ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டிப் பாராட்டிக்கொண்டது. 'மேலும் ஆய்வுகள் தேவை' என்று முடித்தது. எத்தனை மாணவர்கள், எத்தனை எலிகள் என்று நினைக்கையில் அவருக்கே பாவமாக இருந்தது.

அந்த வரிசையில் கடைசியாக மேடத்தின் கட்டுரை வந்தது. அதற்குப் பிறகு எந்த வருஷத்திலும் ஒன்றுமில்லை.

"அதைத் திறந்து, படிச்சவங்க எத்தனை பேர்னு ஓரத்துல போட்டிருக்கும், பாருங்க" என்றார் மங்களேஸ்வரி.

பார்த்த குணாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கட்டுரைகளையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள். முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு குருவுக்காகக் கோபம் வந்தது.

"இத்தனை ஆயிரம் பேர் படிச்சிருக்காங்க! ஒருத்தருக்குக்கூடவா உங்க பேரைப் போடணும்னு தோணலை? நன்றிகெட்ட ஜனங்க, மேடம்!"

மங்களேஸ்வரி நிம்மதியாகக் காபியை ஒரு வாய் குடித்தார்.

"பேரைப் போடணும்னா அந்த வேரைப் பத்தி எழுதியாகணும்ல, சார்? படிச்சவங்க எல்லாரும் அதை விட்டுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க."