ஈரமணலில் ஓடிய வண்டி

கல்லாத்தி மலைக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது, பிள்ளைகளே. அந்தக் காட்டு விலங்குகள் ஒன்றுகூடிச் செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு வண்டி அனுப்பியிருந்தன. அதை அனுப்ப அவை பட்ட பாட்டைச் சொல்ல இன்று பொழுது போதாது. வண்டிக்கு ஆறு சக்கரம். முதுகில் வெயிலைக் குடித்து மின்சாரமாக்கும் பலகை. நீண்ட கழுத்தின் உச்சியில் ஒரு கேமரா. பெயர் ஆறுகாலி.

ஆறுகாலியை ஓட்டும் வேலை துடியன் என்ற கீரியுடையது. துடியன் கெட்டிக்காரன்தான். ஆனால் நாளுக்கு ஒரு தடவையாவது யாராவது "சபாஷ்" என்று சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஓட்டுவது என்றால் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டுவது இல்லை. இங்கிருந்து ஒரு சொல் செவ்வாய்க்குப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். பதில் வர இன்னொரு பதினான்கு. "பள்ளம், நில்!" என்று இங்கே கத்தினால், அது காதில் விழுவதற்குள் வண்டி பள்ளத்தில் படுத்திருக்கும். அதனால் துடியன் முந்தின நாள் வந்த படங்களைப் பார்த்து, இவ்வளவு தூரம் போ, இந்தக் கல்லைச் சுற்று, அங்கே நில் என்று ஒரு நாள் வேலையை மொத்தமாக எழுதிக் கொடுப்பான்.

பாறை உச்சியில் பெரிய கிண்ணம்போல ஒரு ஆன்டெனா இருந்தது. அதன் பக்கத்தில் நிற்கும் நெடுங்காலன் என்ற கொக்கு அந்த உத்தரவைக் காலையில் அனுப்புவான். அனுப்பிவிட்டு ஒற்றைக்காலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பான். காத்திருப்பதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை.

முந்நூறு நாள் நன்றாக ஓடிய ஆறுகாலி, ஒரு நாள் பொடி மணலில் சிக்கிக்கொண்டது. இடது பக்கச் சக்கரங்கள் மூன்றும் பாதிவரை புதைந்துவிட்டன.

காட்டின் தலைவர் கொம்பையா என்ற காட்டெருமை. அவருக்குக் கெட்ட செய்தி என்றாலே ஆகாது. கேட்டவுடன் மூக்கிலிருந்து புயல் கிளம்பும்.

"முப்பது நாளில் அங்கே குளிர்காலம்!" என்று சீறினார் கொம்பையா. "சூரியன் சாய்ந்துவிடும். பலகையில் வெயில் விழாது. வெயில் இல்லையென்றால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் வண்டி விறைத்துச் சாகும். அதற்குள் அதை வெயில் படும் மேட்டில் ஏற்றியாக வேண்டும். நாலு நாள் தருகிறேன். ஐந்தாம் நாள் நான் வரும்போது வண்டி வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்."

"பார்ப்பீர்கள் ஐயா," என்றான் துடியன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தான்.

ஆறுகாலிக்கு இங்கே ஒரு இரட்டை வண்டி இருந்தது. அச்சு அசல் அதே மாதிரி. ஓடைக்கரையில் ஒரு மணல் குழியில் அதைப் புதைத்து, எப்படி வெளியே எடுக்கலாம் என்று பழகிப் பார்ப்பார்கள். குழிக்குப் பொறுப்பு செல்லாயி என்ற அழுங்கு, உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புதின்னி. மண்ணைத் தோண்டியே பிழைப்பவள், மண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்வாள்.

செல்லாயி ஆற்று மணலைச் சலித்து, சாம்பலும் செம்மண் தூளும் கலந்து, செவ்வாய் மணல்போலவே பொடியாக்கி வைத்தாள். செவ்வாயில் எந்தப் பொருளுக்கும் எடை குறைவு. இங்கே பத்துக் கிலோ இருப்பது அங்கே நாலு கிலோகூட இருக்காது. அதனால் இரட்டை வண்டியின் வயிற்றில் இருந்ததையெல்லாம் கழற்றி அதையும் இளைக்க வைத்தாள்.

துடியன் முன்னால் ஓட்டிப் பார்த்தான். புதைந்தது. பின்னால் ஓட்டினான். புதைந்தது. குலுக்கினான், வளைத்தான், ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றினான். நாலு நாளில் பதினோரு தடவை. பதினோரு தடவையும் புதைந்தது. ஒவ்வொரு தோல்வியையும் செல்லாயி ஒரு பலகையில் நகத்தால் கீறி வைத்தாள்.

"அந்தக் கீறலையெல்லாம் அழித்துவிடுங்கள் அக்கா," என்றான் துடியன். "பார்த்தால் பசியே போய்விடுகிறது."

"கீறியது கீறியதுதான் தம்பி," என்றாள் செல்லாயி.

ஐந்தாம் நாள் விடிந்தது. செல்லாயி புற்றெறும்பு தின்னப் போயிருந்தாள். துடியன் மட்டும் குழியோரம் உட்கார்ந்திருந்தான். இன்னும் சற்று நேரத்தில் கொம்பையா வந்துவிடுவார். வந்தால் சீறுவார். காடே பார்க்கும்.

துடியன் ஓடையைப் பார்த்தான். மணலைப் பார்த்தான். ஈர மணல் இறுகிப் பிடிக்கும் என்பது குட்டிகளுக்குக்கூடத் தெரியும். சுரைக்குடுக்கையை எடுத்தான். ஏழு குடுக்கைத் தண்ணீரைக் குழி முழுக்கத் தெளித்து, மேலே கைப்பிடி கைப்பிடியாகக் காய்ந்த சாம்பலைத் தூவிவிட்டான்.

கொம்பையா வந்தார். பின்னாலேயே காடும் வந்தது. இரட்டை வண்டி உறுமியது, சக்கரம் பிடித்தது, வண்டி ஜம்மென்று குழியை விட்டு வெளியே வந்து நின்றது.

"சபாஷ்!" என்றார் கொம்பையா. துடியன் கழுத்தில் காட்டுமல்லிச் சரம் விழுந்தது. குரங்குகள் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. அப்போதுதான் வந்து சேர்ந்த செல்லாயி மட்டும் குழியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதே உத்தரவை இப்போதே மேலே அனுப்பு!" என்றார் கொம்பையா.

நெடுங்காலன் அனுப்பினான். ஒற்றைக்காலில் நின்றான். பதினான்கு நிமிடம் போயிற்று. ஆறுகாலி உத்தரவை முடிக்க ஒரு மணி நேரம். பதில் வர இன்னும் பதினான்கு நிமிடம். கடைசியில் படம் வந்தது.

ஆறுகாலி வெளியே வரவில்லை. சக்கரங்கள் சுழன்று சுழன்று மணலைத் தோண்டி, வண்டி வயிறு தரையில் படும்வரை இறங்கியிருந்தது.

துடியன் அன்று சாப்பாட்டைத் தொடவே இல்லை. செவ்வாய் மணலில் ஈரமே கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. குழி மணலையும் வெயில் காய வைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

மறுநாள் காலை கொம்பையா பாறைமேல் ஏறி நின்றார்.

"இங்கே ஓடியது, அங்கே ஓடவில்லை. அப்படியென்றால் பழுது வண்டியில்தான். படத்தைப் பார்த்தால் இடது நடுச்சக்கரம் செத்துவிட்டது போலிருக்கிறது. செத்த சக்கரத்துக்கு மின்சாரம் எதற்கு? அதற்குப் போகும் கம்பியை அறுத்து, மற்ற ஐந்துக்கும் கொடு. நெடுங்காலா, அனுப்பு!"

"ஐயா, அறுத்தால் அறுத்ததுதான்," என்றான் நெடுங்காலன். "திரும்ப ஒட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை."

"தெரியும். அனுப்பு."

அப்போது செல்லாயி மெல்ல முன்னால் வந்தாள். "ஐயா, வண்டியைக் குறை சொல்லாதீர்கள். பிசகு என் மணலில் இருக்க வேண்டும். பதினோரு தடவை புதைத்த மணல் பன்னிரண்டாம் தடவை விட்டுவிட்டது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. விளங்காத மணலை வைத்துக்கொண்டு நான் சோதனை நடத்தக் கூடாது. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு, அழுங்குகள் வெட்கப்பட்டால் செய்வதுபோல, தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொண்டாள்.

நெடுங்காலன் அனுப்பும் பொத்தானை நோக்கி அலகைக் கொண்டுபோனான்.

துடியன் அந்தச் செதில் பந்தைப் பார்த்தான். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு நல்ல சக்கரம் வீணாகச் சாகப் போகிறது. இங்கே ஒரு நல்லவள் வீணாகத் தலை குனிந்திருக்கிறாள்.

"நெடுங்காலண்ணே, நிறுத்துங்கள்!" என்று கத்தினான். "சக்கரம் சாகவில்லை! அக்கா மணலிலும் பிசகில்லை! நான்தான் தண்ணீர் தெளித்தேன்!"

நெடுங்காலன் அலகைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எவ்வளவு?" என்றார் கொம்பையா.

"ஏழு குடுக்கை, ஐயா."

"நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"நேற்று நீங்கள் சபாஷ் சொன்னீர்கள். அதற்கப்புறம் வாய் வரவில்லை."

"அதற்கு முன்னால் பதினோரு தடவை தோற்றாயே, அதை ஏன் சொல்லவில்லை?"

துடியன் தரையைப் பார்த்தான். "சொன்னால் சீறுவீர்கள், ஐயா."

கொம்பையாவின் மூக்கு விரிந்தது. எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். ஆனால் புயல் வரவில்லை. அவர் குளம்பால் பாறையைத் தேய்த்தார்.

"உன் பொய்க்குத் தண்டனை உண்டு," என்றார் கடைசியில். "வண்டி வெளியே வரும்வரை குழிக்கு மணலும் சாம்பலும் நீதான் சுமக்க வேண்டும். செல்லாயி தலையசைக்காமல் உன் உத்தரவில் ஒரு வரிகூட மேலே போகக் கூடாது. செல்லாயி, எழுந்திரு அம்மா. அந்தப் பலகையைக் கொண்டு வா. தோற்ற கதையைக் கேட்கிறேன். சீறமாட்டேன்."

செல்லாயி பந்தைப் பிரித்துக்கொண்டு எழுந்தாள். பலகையில் ஒவ்வொரு கீறலாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் ஒன்பதாவது கீறலில் நின்றாள்.

"இந்தத் தடவை சக்கரம் ஆறையும் ஒரே பக்கமாகத் திருப்பிப் பின்னால் ஓட்டினோம். புதைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் புதைவதற்கு முன்னால் இரண்டு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது."

"இரண்டே விரற்கடை!" என்று குரங்குகள் சிரித்தன.

துடியன் சிரிக்கவில்லை. "அக்கா, இரண்டு விரற்கடை நகர்ந்த உடனே நிறுத்திவிட்டால்?"

"இங்கே நிறுத்தலாம். அங்கே யார் நிறுத்துவது? நம் சொல் போய்ச் சேருவதற்குள் புதைந்துவிடுமே."

"அதுவே நிறுத்திக்கொள்ளட்டும். அரை விரல் அமுங்கினால் யாரையும் கேட்காதே, நீயாகவே நில் என்று உத்தரவிலேயே எழுதிவிடுகிறேன்."

செல்லாயி அவனைப் பார்த்தாள். உடனே இரட்டை வண்டியை வயிறு மணலில் படும்வரை புதைத்தாள்.

ஐந்து நாள் காய்ந்த மணலில் பழகினார்கள். நாற்பது தடவை தோற்றார்கள். துடியனின் முதுகு சாம்பல் சுமந்து வெளுத்தது. நாற்பத்தோராம் தடவை வண்டி இரண்டு விரற்கடை நகர்ந்து, தானே நின்றது. யாரும் கை தட்டவில்லை. செல்லாயி தலையை மட்டும் அசைத்தாள்.

குளிர்காலத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது உத்தரவு மேலே போனது. முதல் நாள் ஆறுகாலி இரண்டு விரற்கடை நகர்ந்தது. மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் நகரவே இல்லை. அமுங்கத் தொடங்கியதும் தானாக நின்றுவிட்டிருந்தது. துடியன் அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கொம்பையாவிடம் நேரே போனான்.

"இன்று சுழியம், ஐயா."

கொம்பையா மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்த மூச்சை அப்படியே விழுங்கினார். "நாளைக்கு?"

"சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திருப்புகிறோம்."

நாலாம் நாள் மூன்று விரற்கடை. அப்புறம் அரைச் சாண். அப்புறம் ஒரு சாண். இடையில் இன்னும் இரண்டு சுழியம். பதினேழாம் நாள் வந்த படத்தில் ஆறுகாலியின் ஆறு சக்கரமும் கெட்டிப் பாறைமேல் நின்றன. பதினேழு நாளில் அது கடந்த தூரம் ஒரு எருமை கால் நீட்டிப் படுத்திருக்கும் நீளம்தான்.

மிச்சம் இருந்த இரண்டு நாளில் ஆறுகாலி மேட்டில் ஏறி, முதுகைச் சூரியன் பக்கம் சாய்த்துக்கொண்டது. அது அனுப்பிய செய்தியை நெடுங்காலன் பாறை உச்சியிலிருந்து உரக்கப் படித்தான்.

"பலகையில் வெயில் விழுகிறது. மின்சாரம் ஏறுகிறது."

துடியன் செல்லாயியைப் பார்த்தான். அவள் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் தலையசைத்தாள். கீரி மூன்று குட்டிக்கரணம் அடித்தது. அன்று அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

நீதி: ஒத்திகையில் கண்ட தோல்வியை மறைப்பவன், களத்தில் தோற்பதற்குத் தானே நாள் குறிக்கிறான்.