பன்னிரண்டு பாய்களும் ஓர் ஓடமும்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரையில் பாடசாலை கட்டிவிட்டு அது நிறையவில்லையே என்று அலுத்துக்கொண்ட ராஜா ஒருவர் இருந்தார். பாடசாலையைக் கவனிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட சபையும் வைத்திருந்தார். அவர்கள் கூடுவது அரண்மனையில். பாடசாலை வாசலை மிதித்தவர் ஒருவர்கூட இல்லை.

"அக்கரைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருவதே இல்லை, அரசே. படிப்பில் நாட்டமில்லாதவர்கள். பெயர்களை நீக்கிவிடலாம்," என்றார் சபைத் தலைவர் திருமேனியார்.

அக்கரையில் பிறந்த விகடகவி கொழுந்தப்பனுக்குச் சுருக்கென்றது. "வேண்டாம் பிரபு," என்றான்.

அவனை ஒழிக்க நாள் பார்த்திருந்த திருமேனியார் விடுவாரா? "அப்படியானால் நாளைக் காலை மணியடிக்கும்போது அவர்களுக்குப் பாடசாலையில் போட்ட பன்னிரண்டு பாயிலும் ஆள் இருக்கட்டும். இல்லையேல் இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். உனக்கு என்ன வேண்டும், கொழுந்தப்பா?"

"பாயில் ஆள் இருந்தால் போதுமல்லவா? சபையாரே பன்னிரண்டு பேர். பிள்ளைகள் வரும் வழியிலேயே, அக்கரையிலிருந்து வந்து உட்காரட்டும்."

மறுநாள் விடிந்ததும் ராஜாவின் உத்தரவுப்படி சபையார் முணுமுணுத்தபடி கொழுந்தப்பனோடு அக்கரைத் துறைக்குப் போனார்கள். இறக்கிவிட்ட அரண்மனைப் படகு உடனே திரும்பிவிட்டது. அங்கே பன்னிரண்டு பிள்ளைகள் ஓலைச்சுவடியோடு நின்றிருந்தார்கள். அங்கிருந்த ஒரே ஓடம் நிறையக் குடங்கள்.

"யாரும் ஏறக்கூடாது சாமி," என்றான் ஓடக்காரன். "திருமேனியார் வீட்டுக்கு ஊத்துத்தண்ணி போவுது. குடத்தைத் தவிர வேற எதையும் ஏத்தாதேன்னு அவரு உத்தரவு."

"தினமும் நிக்கிறோம், தினமும் திரும்பிப் போறோம்," என்றாள் ஒரு சிறுமி.

பதினொரு தலைகள் திரும்பின. திருமேனியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "நான்தானப்பா திருமேனியார்."

"அவரு இந்தப் பக்கம் வந்ததே இல்லையே சாமி," என்றான் ஓடக்காரன், நகராமல்.

மணியடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ராஜாவின் உத்தரவை மீறியவர்கள் சபையார்தான். வேறு வழியின்றித் திருமேனியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடங்களைத் தன் கையாலேயே கரையில் இறக்கினார்.

மணியடித்தபோது பன்னிரண்டு பாயிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இடமில்லாத சபையார் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?" என்றார் பார்க்க வந்திருந்த ராஜா.

"உட்காரத்தான் வந்தார்கள், பிரபு," என்றான் கொழுந்தப்பன். " வந்த வழியில் பிள்ளைகள் வராத காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதானே சபையின் வேலை?"

நடந்ததைக் கேட்டு ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கழுத்தில் போட்டார். அதோடு விடவில்லை, சபைத் தலைமையையும் அவனிடமே கொடுத்தார். அவன் போட்ட முதல் உத்தரவு, சபை இனி அக்கரைத் துறையில்தான் கூடும், அதுவும் காலை மணிக்கு முன்னால்.

அந்தப் பாய்கள் பிறகு காலியாகவே இல்லை. திருமேனியார் வீட்டில் அன்று முதல் கிணற்றுத் தண்ணீர்தான்.