பின்காவலனின் கழுத்து

“என்ரை கழுத்து திரும்புது” என்றான் சேந்தன்.

தர்சிகா மைதானத்தில் வெள்ளைக் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“எல்லாற்றை கழுத்தும் திரும்பும் அண்ணா. அதுக்குத்தானே கழுத்து.”

“பந்து வரேக்கை திரும்புது.”

அவள் வண்டியை நிறுத்தினாள்.

மெல்பேர்னில் ஒரு வியாழக்கிழமைக் காலை. குளிர்காலம். பனிமூட்டம் புல் வரைக்கும் இறங்கியிருந்தது. தூரத்தில் நான்கு வெள்ளைக் கம்பங்கள், அடியும் தெரியாமல் நுனியும் தெரியாமல் நடுவில் மட்டும் நின்றன. அவற்றைக் காப்பதுதான் சேந்தனின் வேலை.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்து முட்டை வடிவம். வானத்துக்கு உதைப்பார்கள். அது எப்போது எங்கே இறங்கும் என்று அதற்கே தெரியாது. பின்காவலன் அதை அண்ணாந்து பார்த்தபடி தன் கம்பங்களை நோக்கிப் பின்னால் ஓடவேண்டும். எதிரணிக்காரன் அவன் முதுகுப் பக்கமிருந்து அதே பந்துக்குப் பாய்ந்து வருவான். கண் பந்தில், முதுகு எதிரியிடம். இந்த வேலைக்கு ஆட்கள் வரிசையில் நிற்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

சேந்தன் அதில் கெட்டிக்காரன். போன வருடம் ஓகஸ்ட் வரைக்கும்.

ஓகஸ்டில் ஒருவனுடைய முழங்கால் அவன் முதுகில் ஏறியது. மூன்று விலா எலும்புகள் முறிந்தன. எலும்புகள் நல்ல பிள்ளைகள், ஆறு வாரத்தில் பொருந்திவிட்டன. இந்த வருடம் எட்டு ஆட்டம் ஆடிவிட்டான். எட்டிலும் பந்து இறங்கும் அந்தக் கடைசிக் கணத்தில் தலை பின்னால் திரும்பியது. பந்து விரலில் பட்டு நழுவியது.

“வைத்தியம் ஏதும் பாத்தனீங்களோ?” என்று கேட்டாள்.

“பாக்காத வைத்தியமில்லை. கழுத்துக்குப் பயிற்சி தந்தவை. அம்மா கோயில்லை நூல் கட்டினவ. கோச் வீடியோ போட்டுக் காட்டினவர், நாப்பத்தி மூண்டு தரம் திரும்பியிருக்கிறனாம். இந்தச் சனியும் திரும்பினால் ரெண்டாம் அணிதான்.”

“ரெண்டாம் அணியும் அணிதானே.”

“முப்பத்தொரு வயசிலை அங்கை போனவன் ஆரும் திரும்பி வரேல்லை, தர்சிகா. எனக்குப் பயமாக் கிடக்கு.”

தர்சிகா அவனைவிட நான்கு வயது இளையவள். பெண்கள் அணியில் ஆறு வருடம் பின்காவல் நின்றவள். அந்த ஆறு வருடமும் அவள் தலை திரும்பி யாரும் பார்த்ததில்லை என்பார்கள். இப்போது பின்காவலுக்குப் பயிற்சி தருகிறாள், கோடும் போடுகிறாள். தன்னிலும் சின்னப் பிள்ளையிடம் கேட்க வந்ததில் சேந்தனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். எட்டு ஆட்டத்துக்குப் பிறகு கூச்சம் எவ்வளவுதான் தாங்கும்.

“விலா முறிஞ்ச அண்டைக்கு உங்களுக்குக் குரல் தரவேண்டியது ஆர்?” என்றாள்.

பின்காவலில் அது ஒரு வழக்கம். ஒருவன் பந்தைப் பார்த்து ஓடும்போது, பக்கத்தில் நிற்பவன் அவனுக்குக் கண்ணாக இருந்து கத்துவான். நேரமிருக்கிறது என்பான், அல்லது ஆள் வருகிறான் என்பான்.

“கானர்.”

“தந்தவரோ?”

“இல்லை.”

“ஏனெண்டு கேட்டனீங்களோ?”

“கேக்க என்ன கிடக்கு? பத்தடியிலை நிண்டவன். எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவன்.” சேந்தனின் குரல் தடித்தது. “பத்து மாசமா நான் அவனோடை கதைக்கிறேல்லை. அவனும் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை.”

தர்சிகா கையைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த பந்தை எடுத்து அவனிடம் எறிந்தாள்.

“உயர உதையுங்கோ. நான் எடுக்கிறன். கம்பம் கிட்ட வந்தால் சொல்லுங்கோ.”

“நீரோ? நான்தானே பழக வந்தனான்.”

“உதையுங்கோ அண்ணா.”

உதைத்தான்.

பந்து மூட்டத்துக்குள் போய் மறைந்தது. வானம் அதைத் தருவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. தர்சிகா முகத்தை உயர்த்தி, நித்திரையில் நடப்பவளைப் போல, பின்னால் பின்னால் போனாள்.

அவளுக்குப் பின்னே கம்பம் மெல்ல வெளியே வந்தது. ஆட்ட நாளில் அதற்கு மெத்தை கட்டுவார்கள். இன்றைக்கு வெறுங்கம்பம்.

சேந்தன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். நான்கு அடி, மூன்று அடி. சொல்லவேண்டும் என்று தெரிந்தது. வாயும் திறந்துதான் இருந்தது.

பந்து அவள் கையில் விழுந்தது. அவள் கம்பத்தில் மோதினாள்.

அவன் ஓடிப்போனபோது அவள் புல்லில் மல்லாந்து கிடந்தாள். பல்லில் கடிபட்டு உதட்டில் இரத்தம். பந்து நெஞ்சோடு இருந்தது.

“நான் கண்டனான்” என்றான் சேந்தன். அவனுக்கு மூச்சு வாங்கியது. “சொல்லத்தான் வந்தனான். தொண்டை அடைச்சுப் போச்சு, தர்சிகா. சத்தியமா வேணுமெண்டு செய்யேல்லை. என்ன நடந்ததெண்டே எனக்குத் தெரியே…”

அவ்வளவில் நின்றுவிட்டான்.

எங்கோ மூட்டத்துக்குள் ஒரு மக்பை பறவை கூவியது. சேந்தன் கம்பத்தைப் பார்த்தான். பிறகு தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். வெட்கமா துக்கமா என்று தெரியாத ஒன்று அவன் கண்ணில் வந்து நின்றது.

“கானரும்…” என்று தொடங்கினான்.

“இன்னொருக்கா” என்றாள் தர்சிகா. எழுந்து புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

“உமக்கென்ன விசரே? சரி, இந்த முறை பின்னுக்குப் பாத்துப் போம்.”

“பின்னுக்குப் பாத்தால் பந்தை ஆர் பாக்கிறது?”

“நான் திரும்பவும் சொல்லாமல் விட்டால்?”

அவள் பந்தை அவன் கையில் வைத்தாள். பழைய இடத்துக்கு நடந்துபோய் நின்றாள்.

சேந்தன் கம்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஆனாலும் உதைத்தான்.

பந்து மறைந்தது. அவள் முகத்தை உயர்த்தினாள். பின்னால் போனாள். முன்னைப் போலவே, அதே வேகத்தில். சற்று முன் தன்னை அடித்த கம்பத்தை நோக்கி, அது அங்கே இல்லாததுபோல.

“கம்பம்!”

மூட்டத்துக்குள் இருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. அது தன் குரல்தான் என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் நின்றாள். பந்து கைக்குள் வந்தது. கம்பத்துக்கும் அவள் முதுகுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கோடு போடும் வண்டிக்குப் போனாள்.

சேந்தன் பின்னாலேயே போனான்.

“இப்ப என்ரை கழுத்துக்கு என்ன செய்யிறது?”

“சனிக்கிழமை கானர் எத்தினை மணிக்கு வருவார்?” என்று கேட்டாள்.

வண்டி நகர்ந்தது. வெள்ளைக் கோடு அவளோடு மூட்டத்துக்குள் போனது.

*

சனிக்கிழமை உடுப்பு மாற்றும் அறையில் கானர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். சேந்தன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டு, நிறுத்தாததுபோல் பாவனை செய்தார்கள்.

கானருக்குத் தெரிந்தது ஆங்கிலம் ஒன்றுதான். ஆகவே சேந்தன் ஆங்கிலத்தில் சொன்னான்.

“இன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.”

கானர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

“அன்றைக்கு நான் சொல்லத்தான்…”

“தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வியாழக்கிழமை தெரிந்தது.”

கானர் முடிச்சைப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான்.

அன்றைக்கும் மூட்டம் முழுதாக விலகவில்லை. கூட்டம் இருந்தது, ஆனால் எங்கோ தண்ணீருக்கு அடியில் இருந்து கத்துவதுபோல் கேட்டது. ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் முதல் மூன்றிலும் சேந்தன் பக்கம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் தரையோடு வந்தது. கோச் நாற்காலியில் உட்காரவே இல்லை.

கடைசிக் கால்பகுதியில், அவர்கள் அணி இரண்டு புள்ளிதான் முன்னால் இருக்கும்போது, பந்து உயர்ந்தது.

நல்ல உயரம். சேந்தன் முகத்தை உயர்த்தினான். பின்னால் ஓடினான்.

பந்து மறைந்தது. வெள்ளைதான் இருந்தது. அவன் வெள்ளையைப் பார்த்தபடி ஓடினான். உள்ளே விலா எலும்புகள் மூன்றும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கழுத்தில் ஒரு நரம்பு இழுத்தது.

“வர்றான்! சேந்தன், வர்றான்!”

அவ்வளவு அலங்கோலமான ஒரு குரலை அந்த மைதானம் கேட்டிருக்காது. பாதியில் உடைந்து, கிறீச்சிட்டு, அழுகைபோல முடிந்தது.

வெள்ளையிலிருந்து பந்து இறங்கியது. அதன் தையல் தெரிந்தது. தையலில் ஒட்டியிருந்த ஒரு புல் தெரிந்தது.

முதுகில் ஏதோ வந்து மோதியது. பிறகு சேந்தன் தரையில் இருந்தான். நெஞ்சில் பந்து. மேலே கானரின் முகம், மூக்கும் கண்ணும் ஒழுக, அவனைப் பார்த்தபடி.

சேந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“யாரடா மோதினது?”