தொட்ட காய்

மேட்டுப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்கள் சதுரங்கக் கழகம். நான் அதன் செயலாளர். போட்டி நடந்தால் நடுவரும் நானே. எனக்குப் பொறுமை கம்மி என்று எல்லாரும் சொல்வார்கள். பொறுமைசாலி எவனும் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று நான் சொல்வேன்.

எங்கள் கழகத்தில் நாச்சிமுத்து என்று ஒருவர். வயது நாற்பத்தொன்பது. மலை மேல் மின்நிலையத்தில் வேலை. அங்கே சதுரங்கம் ஆட ஆள் கிடையாது. அதனால் பதினோரு வருஷமாகத் தபாலில் ஆடிவந்தார். தன் நகர்த்தலை ஒரு கார்டில் எழுதிப் போடுவார். எதிராளி தன் நகர்த்தலை எழுதிப் பதில் போடுவார். ஒவ்வொன்றுக்கும் யோசிக்க மூன்று நாள். ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை வருஷம்கூட ஆகும். ஒரே சமயத்தில் ஏழு ஊர்க்காரர்களோடு ஏழு ஆட்டம் ஓடும். கார்டில் அவரை அசைக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கீழே வந்து, மேசையில் நேருக்கு நேர் உட்கார்ந்தால் கதையே வேறு. நேற்றுப் பழகியவனிடமும் தோற்பார்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பூங்கோதை டீச்சர். வயது முப்பத்தொன்று. மாநில அணியில் ஆடியவர். தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவருக்குக் குருவாக இருக்கிறோமே என்ற கூச்சமெல்லாம் அவரிடம் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது.

சித்திரையில் மாவட்ட அணித் தேர்வு நடந்தது. அதற்கும் நடுவர் நானே. அணியில் நாலு இடம். நாச்சிமுத்து கடைசிச் சுற்றில் பொள்ளாச்சி எட்வினோடு ஆடினார். ஆட்டம் அவர் கையில் இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே என்று பக்கத்தில் போய் நின்றேன்.

நான் நின்ற நேரம்தான் அது நடந்தது. அவர் கை நீண்டு குதிரையைத் தூக்கியது. ஒரு கட்டத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தது. திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தது. பிறகு யானை பக்கம் போனது.

எட்வின் என்னைப் பார்த்தார். நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன்.

"தொட்ட காய் குதிரைங்க. குதிரையைத்தான் நகர்த்தணும்" என்றேன்.

அந்தக் குதிரைதான் ராணிக்கு மறைப்பு. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் ராணி போச்சு. அவர் முகம் வெளுத்துவிட்டது. குதிரையை நகர்த்தினார். ராணி போனது. நாலு நகர்த்தலில் ஆட்டமும் போனது.

"யோசிச்சுப் பார்க்கத்தான் எடுத்தேனுங்க" என்றார் என்னிடம். நான் என்ன செய்ய? விதி விதிதான். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று இடம் அன்றே முடிவானது. நாலாவது இடத்துக்கு ஆவணியில் மறுதேர்வு என்றார்கள். ஒரு கழகத்துக்கு ஒரே பெயர்தான்.

அடுத்த ஞாயிறு நாச்சிமுத்து வந்து டீச்சர் முன்னால் உட்கார்ந்தார்.

"டீச்சர், தபால் ஆட்டத்தை விட்டுடட்டுங்களா?"

டீச்சர் பதில் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். "விட்டுத் தொலைங்க! மூணு நாள் யோசிச்சுப் பழகின மூளை மூணு நிமிஷத்துல எப்படி ஓடும்? அதுதான் உங்களைக் கெடுத்துச்சு."

"எனக்கு ஒரே ஒரு ஆசைங்க" என்றார் நாச்சிமுத்து, டீச்சரைப் பார்த்தே. "கார்டுல என்னை ஏழு ஊருக்குத் தெரியும். ஒருத்தரும் என் மூஞ்சியப் பார்த்ததில்லை. ஒரு தடவை மாவட்ட அணி மேசையில உக்காரணும். அதுக்குத் தபாலை விடணும்னா விட்டுடறேன். நீங்க சொல்லுங்க."

"அடுத்த வாரம் கார்டுகளை எடுத்துட்டு வாங்க. காய்ப் பெட்டியையும்" என்றார் டீச்சர்.

கொண்டுவந்தார். தேக்குப் பெட்டி, கைபட்டுக் கைபட்டு வழவழப்பான மரக் காய்கள்.

"மலையில எப்படி யோசிப்பீங்களோ அப்படியே யோசிங்க" என்றார் டீச்சர். பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு டப்பாப் புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து ஒரு கார்டைப் பார்த்துக் காய்களை அடுக்கினார். வேலை ஆரம்பித்தது. குதிரை முன்னே போகும், பின்னே வரும். யானை குறுக்கே ஓடும், திரும்பும். ராணி நாலு மூலைக்கும் போய்வருவாள். நடுநடுவே நோட்டில் எழுதுவார். அவர் ஒரு காயைத் தொடும்போதெல்லாம் டீச்சர் தட்டில் ஒரு புளியங்கொட்டை போட்டார். மனுஷன் தலை நிமிரவே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து நல்ல நகர்த்தல் ஒன்றைக் கண்டுபிடித்தார். உண்மையாகவே நல்ல நகர்த்தல். நானாக இருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

டீச்சர் தட்டை என் பக்கம் தள்ளினார். எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று.

"அண்ணா, உங்க கை ரொம்ப நல்லா ஆடுது" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம். சிரித்தார்.

"நீங்க எப்ப ஆடப்போறீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை இங்கேயே வச்சுட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

"டீச்சர், ஏழு ஆட்டம் ஓடுதுங்க!"

"ஓடட்டும்."

"காய் இல்லாம எப்படிங்க ஆடறது?"

"வெறும் பலகை இருக்கு. கார்டு இருக்கு. மூணு நாளும் இருக்கு."

அவர் பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு வைத்துவிட்டுப் போனார். படியிறங்கும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க அம்மிணி, அவர் ஜெயிச்சிட்டிருந்தது தபால் ஒண்ணுலதான். அதையும் பிடுங்கிட்டீங்களே. ஆவணிக்கு நான் வேற ஆளு பேரைத்தான் எழுதப்போறேன்."

"எழுதறதுக்குக் கடைசி நாள் என்னைக்கு?"

"ஆடி முப்பது."

"அப்ப ஆடி முப்பதுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வைகாசி போனது. நாச்சிமுத்து இளைத்துவிட்டார். வேலை முடிந்ததும் வெறும் பலகை முன்னால் உட்கார்ந்து கட்டங்களை முறைத்துக்கொண்டிருப்பாராம். காய் எங்கே நிற்கிறது என்றே மறந்துபோய், முதலிலிருந்து நகர்த்தல்களைச் சொல்லிச் சொல்லி வருவாராம். சாப்பிடும்போது இலையில் விரலால் கோடு போட்டதைப் பார்த்து வீட்டில் சண்டையாம். ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருக்கவில்லை. மழையில் பாதை சரிந்து பஸ் நின்றபோது, குறுக்குப் பாதையில் ஆறு மைல் நடந்தே இறங்கிவந்தார்.

ஆனியில் ஒரு நாள் கையில் ஒரு கார்டோடு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தோத்துட்டேனுங்க டீச்சர். பதினோரு வருஷத்துல இப்படி ஒரு நகர்த்தலை நான் தபால்ல போட்டதே இல்லை. அவமானமா இருக்குங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்றேன் நான். எனக்கும் வருத்தம்தான், ஆனால் என் வாய் அப்படி.

டீச்சர் கார்டை வாங்கிப் பார்த்தார். "மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தப்ப எத்தனையாவது நகர்த்தல்ல கணக்கு தப்புச்சு?"

"அஞ்சாவதுல. என் பிஷப் அங்கே இருக்குன்னு நினைச்சேன். அது இல்லை."

"வைகாசியில எத்தனையாவதுல தப்பும்?"

அவர் யோசித்தார். "ரெண்டாவதுலயே கண்ணு இருட்டிடும்."

"அப்ப இப்ப நாலு வரைக்கும் தெரியுது."

நாச்சிமுத்து நின்றபடியே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெட்டி வேண்டாங்க. அடுத்த கார்டைப் பார்க்கலாம்" என்றார்.

அந்த ஆளுடைய குரலில் அப்படி ஒரு உறுதியை நான் அதுவரை கேட்டதில்லை. ஆடி முப்பதாம் தேதி படிவத்தை எடுத்தேன். வேறு பெயர் எழுதத்தான் எடுத்தேன். என்னமோ, நாச்சிமுத்து என்று எழுதிவிட்டேன்.

ஆவணி மறுதேர்வு. கடைசிச் சுற்றில் திரும்பவும் எட்வின். அரைப் புள்ளி முன்னால் இருந்தது எட்வின்தான். டிரா ஆனாலும் இடம் அவருக்கே. நாச்சிமுத்து ஜெயித்தே ஆகவேண்டும்.

எட்வின் லேசுப்பட்ட ஆள் இல்லை. சித்திரையில் நடந்ததை மறந்திருப்பாரா? இருபத்தாறாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டார். குதிரையால் அதை வெட்டினால் ராஜாவுக்கு செக்கும் கிடைக்கும். எந்தக் கைக்கும் நமைச்சல் எடுக்கும்.

நாச்சிமுத்துவின் வலது கை மேசைக்கு மேல் வந்தது. கடவுளே, திரும்பவும் நான் வாயைத் திறக்கும்படி வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

கை குதிரைக்கு மேலே போய் நின்றது. பிறகு திரும்பி வந்தது. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடிகாரத்தில் அவருக்கு இருபத்தைந்து நிமிஷம் மிச்சம். ஐந்து நிமிஷம் போனது. பத்து போனது. எட்வின் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நாச்சிமுத்து அசையவில்லை. கண்கள் மட்டும் கட்டம் கட்டமாக நகர்ந்தன. அவர் பார்ப்பது என்ன என்று நானும் பார்த்தேன். செக் கொடுக்கலாம், ராஜா ஒதுங்கும், இன்னொரு செக்... அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. பதினெட்டு நிமிஷம் ஆனது.

வலது கையை எடுத்தார். ஓரத்தில் இருந்த சிப்பாயைத் தொட்டு ஒரே ஒரு கட்டம் முன்னால் வைத்தார். குதிரையை விட்டுவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்வினுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பதினோரு நகர்த்தல் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

"குதிரையால வெட்டியிருந்தா?" என்று கேட்டேன் பிறகு.

"ஏழாவது நகர்த்தல்ல என் யானை மாட்டிக்குமுங்க" என்றார் நாச்சிமுத்து. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நாலாவது இடத்துக்கு அவர் பெயரை நான்தான் எழுதினேன். அதுவும் கொட்டை எழுத்தில். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சரிடம் நான் விடவில்லை. "அம்மிணி, தபாலை விடட்டுமான்னு சித்திரையில அவர் கேட்டார். நீங்க இன்னும் பதிலே சொல்லலை."

அப்போது நாச்சிமுத்து படியேறி வந்தார். கையில் புதிதாக வந்த கார்டு.

"டீச்சர், இனிமே பெட்டியைத் தருவீங்களா?"

டீச்சர் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து கார்டைப் பார்த்துக் காய்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். நாலு மாசம் பிரிந்திருந்த காய்கள். ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தார். அடுக்கி முடித்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு டீ குடித்துவிட்டேன். நாச்சிமுத்து அப்படியே இருந்தார்.

கடைசியில் தலை நிமிர்ந்து கேட்டார். "டீச்சர், இப்ப தொடட்டுங்களா?"

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேனுங்க."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து எழுதாத கார்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அப்புறம் எதுக்குத் தொடணும்?"