கோழி அடைகாத்த செம்பருத்தி

ஒரு காட்டில், குழந்தைகளே, சிங்கம் புலியைவிட ஒரு மரங்கொத்திக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அந்த மரங்கொத்திதான் காட்டுத் தோட்ட மன்றத்தின் செயலாளர். பூக்கண்காட்சிக்கு நாள் குறித்துவிட்டால் போதும், அதற்குத் தூக்கமே வராது. மரத்துக்கு மரம் பறந்து, "டொக், டொக், டொக்!" என்று தட்டி விதிகளைச் சொல்லும்.

"ஒருவருக்கு ஒரு தொட்டி! செடி அவரவர் வளர்த்ததாக இருக்க வேண்டும்! பறித்துச் செருகின பூ செல்லாது! பேர் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் அடுத்த வருடம் சேர்க்க மாட்டோம்! டொக்!"

அந்த வருடம் ஐந்து பேர் பேர் கொடுத்தார்கள். எருமை சாமந்தி வைத்திருந்தது. குரங்கு மல்லிகை. நரி ரோஜா. முள்ளம்பன்றி கனகாம்பரம். இன்னொருவர் நம் காட்டுக்கோழி. அது ஓர் அடுக்குச் செம்பருத்தி வளர்த்தது.

முதல் பரிசு என்ன தெரியுமா? ஊற்றங்கரை நிலம், ஒரு வருடத்துக்கு. எந்தக் கோடையிலும் ஈரம் காயாத கறுப்பு மண்.

கோழியின் தோட்டமோ பாறை மேட்டில் இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் அங்கே மண் பொரிகிற மாதிரி சுடும். அலகு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்ற வேண்டும். ஒரு செடி நனைய நாற்பது நடை. போன கோடையில் நடந்து நடந்து கோழிக்குக் கால் வீங்கிப் போயிற்று. அப்படியும் பன்னிரண்டு செடியில் பதினொன்று கருகிவிட்டது. பிழைத்தது இந்தச் செம்பருத்தி ஒன்றுதான்.

"ஆண்டவனே, இந்த ஊற்றங்கரை கிடைத்தால் என் தோட்டம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த கோடைக்கு எனக்குத் தோட்டமே இல்லை. பார்த்துச் செய்யப்பா" என்று காலையும் மாலையும் கோழி வேண்டிக்கொண்டது.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. செம்பருத்தியில் ஒரே ஒரு மொட்டு. ஆனால் என்ன மொட்டு! எலுமிச்சங்காய் கனம். நுனியில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்த்தது.

அப்போது நரி வந்தது. நரிக்கும் ஊற்றங்கரைமேல் ஒரு கண். அங்கே நண்டு நிறைய.

"என்ன கோழியக்கா, மொட்டு இன்னும் வாயே திறக்கவில்லையே?"

"திறக்கும் தம்பி. இன்னும் மூன்று நாள் இருக்கிறதே."

"திறக்காவிட்டால்?"

"ஏன் திறக்காது?"

"நான் சொல்லவில்லை அக்கா. சும்மா ஒரு கேள்வி. உங்களுக்குத் தெரியாததா? மூடிக் கிடக்கிற ஒன்றைத் திறக்க வைப்பதில் இந்தக் காட்டிலேயே கெட்டிக்காரி நீங்கள்தானே? இதுவரைக்கும் எத்தனை ஈடு பொரித்திருப்பீர்கள்?"

"ஆறு ஈடு!" என்று கோழி கழுத்தை நிமிர்த்தியது. "ஒரு முட்டைகூடக் கூமுட்டை ஆனதில்லை."

"அடேயப்பா! எப்படித்தான் திறக்க வைத்தீர்களோ!" என்று வியந்துவிட்டு நரி போயே போய்விட்டது.

கோழி மொட்டைப் பார்த்தது. மொட்டும் உருண்டையாக, மூடிக்கொண்டு, பாவமாக இருந்தது. கோழியின் குஞ்சுகள் எல்லாம் வளர்ந்து ஆளாகி, வேறு வேறு புதருக்குப் போய் வெகுநாள் ஆயிற்று. அடைகாத்து எத்தனை நாளாகிவிட்டது! நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு அப்படியே எழும்பியது.

"அதானே! இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?"

கோழி காய்ந்த புல்லைக் கொண்டு வந்து தொட்டியில் மெத்தை போட்டது. செடியை மெல்ல வளைத்தது. மொட்டை நடுவில் வைத்தது. இறகை விரித்து அதன்மேல் பக்குவமாக உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் காலையில் பக்கத்துப் பாறையிலிருந்து முள்ளம்பன்றி இறங்கி வந்தது. அது கூச்ச சுபாவம். யாரிடமும் எட்ட நின்றே பேசும்.

"என்னக்கா இது, செடிமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஷ்ஷ்! மெல்லப் பேசு. சூடு கலைந்துவிடும்."

"செம்பருத்தி வெயில் பட்டால் தானாக விரியாதா அக்கா?"

"நீ ஒரு ஈடாவது பொரித்திருக்கிறாயா?"

"இல்லை அக்கா."

"பிறகு? தெரிந்தவர்களைச் செய்ய விடு. போய் உன் கனகாம்பரத்தைப் பார்."

முள்ளம்பன்றி தன் பாறைக்குத் திரும்பிவிட்டது.

குழந்தைகளே, அடைகாக்கிற கோழி சும்மா உட்கார்ந்திருக்காது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு படட்டும் என்று முட்டையை அவ்வப்போது அலகால் புரட்டிவிடும். நம் கோழியும் எழுந்தது. "கீழ்ப்பக்கம் ஆறிப்போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மொட்டை அலகால் ஒரு புரட்டுப் புரட்டியது.

'டக்.'

மொட்டு காம்போடு ஒடிந்து, மெத்தையில் உருண்டது.

கோழி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, "ஐயையோ, நானே கெடுத்தேனே! என் கையால் நானே கெடுத்தேனே!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதது.

அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் எழுந்ததும் வேப்பம்பிசினைக் கொண்டு வந்து மொட்டைக் காம்பில் ஒட்டிப் பார்த்தது. எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இப்படியே தூக்கிக்கொண்டு போய், "ஒரு நாள் பொறுத்தால் விரிந்திருக்கும்" என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

கண்காட்சி அன்று விடிந்தது. கோழி கிழக்கே பார்த்துக் கண்ணை மூடியது. வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. "உன்னையும் கும்பிட்டுவிட்டு இந்தப் பொய்யையும் சுமந்துகொண்டு போவேனா?" என்றது. ஒட்டிய மொட்டைப் பிய்த்துப் போட்டது. வெறும் செடியை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. வராமலிருந்தால் மரங்கொத்தி விடாதே!

வேங்கை மரத்தடியில் மாவிலைத் தோரணம் ஆடியது. மான்களும் முயல்களும் மயில்களும் வேடிக்கை பார்க்கக் கூடி நின்றன. நடுவராக யானையார் காதை வீசிக்கொண்டு நின்றார். பொறுமைசாலி. எதையும் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"டொக்! ஒன்றாம் எண், எருமை!"

எருமை தொட்டியை வைத்தது. தொட்டி முழுக்கக் கொழகொழவென்று சேறு. அதற்குள் ஏதோ ஒன்று தலைகுப்புறக் கிடந்தது.

யானையார் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். "இது என்ன பூ?"

"சேற்றுச் சாமந்தி ஐயா. புது ரகம்."

"ஓகோ."

"டொக்! இரண்டாம் எண், குரங்கு!"

குரங்கின் தொட்டியில் ஒரே ஒரு குச்சி. இலையும் இல்லை, பூவும் இல்லை.

"இது?"

"மொட்டை மல்லிகை ஐயா" என்றது குரங்கு, தலையைச் சொறிந்துகொண்டே. "இந்த வருடம் எல்லா ஊரிலும் இதுதான் நாகரிகம்."

மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"டொக்! மூன்றாம் எண், நரி!"

நரி சிரித்த முகமாக வந்தது. தொட்டியை மூடியிருந்த தேக்கிலையை ஒரு வீச்சில் எடுத்தது. எடுத்ததும் அதன் சிரிப்பும் போய்விட்டது. ரோஜாச் செடியின் இலையெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. பூ வெளிறிப் போய்த் தலை தொங்கிக் கிடந்தது.

"காய்ச்சலா?" என்று கேட்டார் யானையார்.

"இல்லை ஐயா. கடல் தாண்டி வந்த ரகம். இதன் அழகே இப்படித்தான்" என்றது நரி.

"டொக்! நான்காம் எண், கோழி!"

கோழி வெறும் செடியை இழுத்துக்கொண்டு முன்னே வந்தது. முன்னால் வந்தவர்கள் எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்கள். தானும் ஒன்று சொல்லலாமா? பூக்காத செம்பருத்தி, புது ரகம்...

"இது என்ன ரகம் அம்மா?" என்றார் யானையார்.

"புது ரகம் ஒன்றுமில்லை ஐயா. நல்ல அடுக்குச் செம்பருத்தி. நான்தான் அடைகாத்துக் கெடுத்துவிட்டேன்."

"என்ன செய்தாய்?"

"அடைகாத்தேன் ஐயா. மெத்தை போட்டு உட்கார்ந்து அடைகாத்தேன். நடுவில் புரட்டியும் விட்டேன்."

கூட்டத்தில் ஒரு முயல் 'களுக்'கென்றது. அவ்வளவுதான், காடே சிரித்தது. மான்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. "அக்கா, குஞ்சு சிவப்பா, வெள்ளையா?" என்று ஒரு மயில் கேட்டது. கோழிக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தால் அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீர்கள்!" என்று எருமை குரல் கொடுத்தது. "அக்கா சொல்லிவிட்டாள். நானும் சொல்கிறேன். என்னுடையது புது ரகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெயிலில் வாடுகிறதே, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தொட்டியோடு சேற்றுக்குட்டையில் படுக்க வைத்தேன். எனக்கு அது சுகமாகத்தானே இருக்கிறது!"

"நான் பேன் பார்த்தேன்" என்று குரங்கும் ஒப்புக்கொண்டது. "இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஒரு பேன்கூட இல்லை. இலையும் இல்லை."

"யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் யானையார்.

மூன்று பேரும் யோசித்தார்கள். மூன்று பேரும் மெதுவாக நரியின் பக்கம் திரும்பினார்கள்.

"நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை!" என்று நரி துள்ளியது. "சேறு எப்படி இருக்கும் என்று எருமையைக் கேட்டேன். பேன் எப்படிப் பார்ப்பாய் என்று குரங்கைக் கேட்டேன். எத்தனை ஈடு பொரித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். கேள்வி கேட்கக் கூடாது என்று விதியில் இருக்கிறதா?"

"இல்லை" என்றது மரங்கொத்தி, வருத்தத்தோடு.

"அது கிடக்கட்டும்" என்றார் யானையார். "உன் ரோஜா ஏன் இப்படி இருக்கிறது?"

"இவர்களில் யாராவது வந்து கெடுத்துவிட்டால்? அதற்காக என் வளைக்குள் கொண்டு போய் ஒளித்து வைத்தேன்."

"எத்தனை நாள்?"

"மூன்று நாள்."

"வளைக்குள் வெயில் வருமா?"

"வெயில் வந்தால் அது என்ன ஒளிவிடம்?" என்று கேட்ட பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது நரிக்கே உறைத்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போய் உட்கார்ந்தது.

"டொக்! ஐந்தாம் எண், முள்ளம்பன்றி!"

முள்ளம்பன்றி தொட்டியைத் தூர வைத்துவிட்டு விலகி நின்றது. சின்னக் கனகாம்பரச் செடி. அதில் கொத்துக் கொத்தாக, அடுப்புத் தணல்போல, பூ.

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். யானையார் மூன்று முறை பார்த்தார். "நீ என்ன அம்மா செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை ஐயா. கிட்டே போனால் என் முள் செடியைக் கிழித்துவிடும். ஆசையாக ஒரு தடவை தடவிக்கொடுக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் தள்ளி நின்று அது வாடுகிறதா, நிமிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வாடினால் தண்ணீர் விடுவேன். நிழல் விழுந்தால் தொட்டியை வெயிலுக்குத் தள்ளுவேன். அவ்வளவுதான்."

"நரி உன்னிடம் வரவில்லையா?"

"வந்தது. கனகாம்பரமா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டது."

"டொக், டொக், டொக்! முதல் பரிசு, ஐந்தாம் எண்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கோழியும் இறகைத் தட்டி மகிழ்ந்தது. முன்பு தான் எடுத்தெறிந்து பேசியது நினைவுக்கு வர, முள்ளம்பன்றியிடம் போய், "நீ சொன்னதைக் கேட்காமல் போனேனே, மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றது. பிறகு, பாறை மேட்டையும் வரப்போகும் கோடையையும் நினைத்துக்கொண்டு, தொட்டியை இழுத்தபடி திரும்பியது.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கள்" என்று முள்ளம்பன்றி கூப்பிட்டது. "ஊற்றங்கரை மண்ணில் ஈரம் அதிகம். செடி வைத்தால் இலைக்கு இலை பச்சைப் புழு வரும். எடுக்கலாம் என்று நான் உள்ளே நுழைந்தால் பாத்தியில் செடியெல்லாம் கிழிந்துவிடும். செடிக்கு நோகாமல் புழுவை மட்டும் எடுக்க ஆள் வேண்டும். நீங்கள் வருகிறீர்களா? ஆளுக்குப் பாதி நிலம்."

மரங்கொத்தி இறகைச் சிலிர்த்தது. "பரிசைப் பங்கு போடுவதா? விதியில்..."

"கூடாது என்று இருக்கிறதா?" என்றார் யானையார்.

மரங்கொத்தி எல்லா விதிகளையும் மனதுக்குள் ஒரு தடவை தட்டிப் பார்த்தது. "இல்லை" என்றது.

"அப்புறமென்ன!"

அதைக் கேட்க அங்கே கோழி இல்லை. "புழுவா? பச்சைப் புழுவா? எங்கே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டே அது ஊற்றங்கரைக்குப் பாதி தூரம் ஓடிவிட்டிருந்தது.

நீதி: நமக்கு எது சுகம், எது பழக்கம் என்று பார்த்து ஒன்றை வளர்க்காதே, அதற்கு எது தேவை என்று பார்த்து வளர்த்தால்தான் அது பூக்கும்.