அழாத கேசட்

துபாயில் கடை வைத்திருந்த சவரிமுத்து முதலாளிக்கு அவர் பெண்டாட்டி இருபது வருஷம் கேசட்டில்தான் கடிதம் பேசி அனுப்பினாள். அவர் அதையெல்லாம் போட்டுக் கேட்டதே அவள் செத்து, அவர் ஊர் திரும்பிய பிறகுதான். எல்லாவற்றிலும் அழுகைக் குரல்.

தன் கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் அமலியைக் கூப்பிட்டார். "கோளாறு ஸ்பீக்கர்லதான். அழாம பேச வை. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணு."

அமலி ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கோனை மாற்றினாள், கோந்து தடவிக் கனமாக்கினாள். குரல்தான் தடித்தது, அழுகை போகவில்லை. போக்கிடமில்லாதவள் கடைசியில் சொன்னாள்: "ஒத்துப் பார்க்க, அம்மா சிரிச்சுப் பேசின கேசட் ஒண்ணு குடுங்க முதலாளி. அதே மாதிரி மாத்தித் தாரேன்."

"எத்தனையோ கிடக்கு" என்று தேடி எடுக்க மாடியேறினார்.

ஏழு வருஷமாயிற்று. அமலி அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாடியில் கேசட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுகை இப்போது அவளுக்கும் மனப்பாடம்.